கொல்றது பெரிய கரண்ட் இல்லைங்க, சின்ன கரண்ட்

குத்தாலத்தில் சீசன் ஆரம்பித்தால் சாரலோடு சேர்ந்து இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஒண்ணு, மரக்கிளை விழுந்து எங்கேயாவது மின்கம்பி அறுவது. ரெண்டாவது, அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு நம்ம ஆளுங்க யாராவது "ஃபாரின்ல சூப்பர்கண்டக்டர் ஃபால்ட் கரண்ட் லிமிட்டர்னு ஒண்ணு வெச்சிருக்கான்வே, அதை நம்ம சப்ஸ்டேஷன்ல மாட்டிட்டா ஷாக் அடிச்சுச் சாவே கிடையாது" என்று ஆரம்பிப்பது. 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 என்று ஒரு பரபரப்பு கிளம்பியது ஞாபகம் இருக்கும். சாதாரண வெப்பநிலையிலேயே மீகடத்தி என்றார்கள். ஆகஸ்ட் பாதியிலேயே சாயம் வெளுத்துவிட்டது. ஆனால் அப்போது தொற்றிய சூப்பர்கண்டக்டர் காய்ச்சல் மட்டும் நம்மவர்களுக்கு இன்னும் இறங்கவில்லை.

இந்தப் பதிவு அந்தக் காய்ச்சலுக்கு ஒரு கஷாயம். கசக்கும். ஆட்சேபம் இருந்தால் பின்னூட்டத்தில் வந்து கும்மலாம், நான் ரெடி :-)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சூப்பர்கண்டக்டருக்கு எதிரி இல்லை. அது அருமையான சரக்கு. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கருவி அடக்குவது ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும் பெரிய கரண்டை. நம்ம ஊரில் ஆளையும் மாட்டையும் கொல்வதோ, ரிலேயின் கண்ணுக்கே தெரியாத சின்ன கரண்ட். இது வேற வியாதி, அது வேற வியாதி. ஒரு மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

அது என்ன வஸ்து?

ஈஈஈ படிக்காத மக்களுக்காக ஒரு குட்டி விளக்கம். படித்தவர்கள் அடுத்த பகுதிக்கு ஜம்ப் பண்ணிக்கலாம்.

லைனில் வழக்கமாக ஓடும் கரண்டை வீடு, மோட்டார், மில் எல்லாம் சேர்ந்து ஒரு அளவில் பிடித்து வைத்திருக்கின்றன. இரண்டு கம்பி உரசிக்கொண்டாலோ, ஒரு கம்பி நல்ல எர்த்தில் பட்டாலோ அந்தப் பிடி விட்டுப்போகும். கரண்ட் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று பாயும். இதுதான் ஃபால்ட் கரண்ட். கரண்ட் பத்து மடங்கானால் சூடும், கம்பிகளை இழுத்து முறுக்கும் விசையும் நூறு மடங்காகும். பிரேக்கர் திறந்து லைனைத் துண்டிக்க மூன்றிலிருந்து ஐந்து சைக்கிள் பிடிக்கும். அதாவது 60 முதல் 100 மில்லி செகண்ட். ஆனால் ஃபால்ட் கரண்டின் முதல் உச்சமோ 10 மில்லி செகண்டுக்குள்ளேயே வந்து அடித்துவிட்டுப் போயிருக்கும்.

குத்தாலம் பேரருவியில் குளித்தவர்களுக்குப் பொங்குமாங்கடல் தெரியும். மேலேயிருந்து விழுகிற தண்ணி நேரா நம்ம மண்டையில் விழுவதில்லை. பாதியில் இருக்கும் அந்தப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் குறைந்து, பிறகு கீழே இறங்குகிறது. அது இல்லையென்றால் அருவிக்குக் கீழே ஒருத்தனும் நிற்க முடியாது. மின்சாரத்தில் இந்த வேலையைச் செய்வது சீரீஸ் ரியாக்டர் என்கிற பெரிய சுருள். பிரச்சினை என்னவென்றால், பொங்குமாங்கடல் மாதிரியே அதுவும் எப்பவும் அங்கேயே இருக்கும். ஃபால்ட் இல்லாத நாளிலும் வோல்டேஜைக் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும்.

சூப்பர்கண்டக்டர் லிமிட்டர் என்பது, வெள்ளம் வரும் நேரத்தில் மட்டும் தோன்றி மறையும் பொங்குமாங்கடல். 1911ல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ், பாதரசத்தை 4.2 கெல்வின் வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை காணாமல் போனதைக் கண்டார். 1986ல் பெட்நோர்ட்சும் முல்லரும் ஒரு பீங்கான் வகைப் பொருளில் அதைவிட அதிக வெப்பநிலையிலேயே இது நடப்பதைக் காட்டினார்கள், அடுத்த வருஷமே நோபல். 1987லேயே 77 கெல்வினுக்கு மேலும், அதாவது மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனிலேயே வேலை செய்யும் பொருள் வந்துவிட்டது. இந்தப் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குள் கரண்ட் ஓடினால் தடை கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த அளவைத் தாண்டினால் சில மில்லி செகண்டில் மீகடத்தும் தன்மை போய், சாதாரணத் தடையாக மாறி, கரண்டை மறித்துவிடும். ரிலே வேண்டாம், சிக்னல் வேண்டாம், மனுஷன் வேண்டாம். பொருளின் இயல்பே பாதுகாப்பு. கேட்கவே சொக்க வைக்கும் ஐடியா, இல்லையா?

வேலை செய்யுமா? செய்யும்

இது பேப்பர் புலி இல்லை. ஜெர்மனியில் நெட்ஃபென் என்ற ஊரில் 2004ல் 10 கேவி லைனில் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். 2014ல் எஸ்ஸன் நகர மையத்தில் 1 கிலோமீட்டர் நீள மீகடத்திக் கேபிளும் அதோடு ஒரு லிமிட்டரும் ஓட ஆரம்பித்தன. 2019ல் மாஸ்கோவில் 220 கேவி சப்ஸ்டேஷனிலேயே ஒன்றை வைத்தார்கள்.

மூன்று ஊரையும் கவனியுங்கள். எஸ்ஸனும் மாஸ்கோவும் நெருக்கமான பெரிய நகரங்கள். நிறைய சப்ஸ்டேஷன், நிறைய டிரான்ஸ்ஃபார்மர், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எங்கே ஃபால்ட் ஆனாலும் எல்லாப் பக்கத்திலிருந்தும் கரண்ட் கொட்டும். பழைய பிரேக்கர் அதைத் துண்டிக்க முடியாத நிலை வரும். அந்த வியாதிக்கு இது சரியான மருந்து. நெட்ஃபென் சின்ன ஊர்தான், ஆனால் அது பரிசோதனை.

நம்ம நாட்டிலும் அந்த வியாதி உண்டு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாகத் தென்னக கிரிட் மற்ற கிரிட்டுகளோடு சேர்ந்தது. இப்படிப் பின்னப் பின்ன ஃபால்ட் அளவு ஏறும். மத்திய மின்சார ஆணையம் 2013ல் போட்ட திட்டமிடல் கையேட்டில், ஃபால்ட் அளவு பிரேக்கர் தாங்கும் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், தாண்டும்போல இருந்தால் பஸ்ஸைப் பிரிப்பது, சீரீஸ் ரியாக்டர் போடுவது, அல்லது வேறு புதுத் தொழில்நுட்பம் எதையாவது கையாளலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் "புதுத் தொழில்நுட்பம்" என்ற இடத்தில் சூப்பர்கண்டக்டர் லிமிட்டர் தாராளமாக உட்காரலாம். டெல்லிக்கோ சென்னைக்கோ யாராவது முன்மொழிந்தால் நானும் கைதட்டுவேன்.

தென்காசிக் கணக்கு

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கணக்குப் போடாமல் கனவு காண்பதுதான் நம்ம ஆளுங்களிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். ஒரு 110/11 கேவி சப்ஸ்டேஷனில் 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 11 கேவி பக்கம் அதன் முழு லோடு சுமார் 840 ஆம்பியர். இம்பீடன்ஸ் 10 சதவீதம் என்றால், வாசலிலேயே ஷார்ட் ஆனாலும் வரக்கூடியது 8.4 கிலோ ஆம்பியர். இரண்டு டிரான்ஸ்ஃபார்மரை இணையாக ஓட்டினாலும் 17 கிலோ ஆம்பியருக்குள். 11 கேவி பிரேக்கர் சர்வசாதாரணமாக 25 கிலோ ஆம்பியர் தாங்கும்.

சப்ஸ்டேஷனிலிருந்து தள்ளிப் போகப் போக லைனின் தடையே லிமிட்டர் வேலையைச் செய்துவிடும். மேலகரம் தாண்டி, வயக்காட்டுக்கு நடுவே ஒரு போஸ்ட்டில் ஃபால்ட் ஆனால் இன்னும் குறையும். தெருமுனை 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொண்டால், 4.5 சதவீத இம்பீடன்ஸில் அதன் வாயில் கிடைப்பது சுமார் 3 கிலோ ஆம்பியர்.

ஆக, பிரேக்கர் தாங்கும் அளவுக்குள்ளேயே ஃபால்ட் கரண்ட் இருக்கும் இடத்தில், நைட்ரஜன் டேங்க்கும் குளிர்விக்கும் மெஷினும் வைத்து எதை அடக்கப் போகிறோம்? 77 கெல்வினிலிருந்து ஒரு வாட் சூட்டை வெளியே தள்ள நடைமுறையில் 15-20 வாட் செலவாகும். அதுவும் வருஷம் 365 நாளும். ஜலதோஷமே இல்லாதவனுக்கு ஐசியூவில் பெட் போட்ட கதை.

"காத்தாடி இருக்கேவே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் அதே தென்மேற்குக் காற்றுதான் குத்தாலத்துக்குச் சாரலையும், சுரண்டை, சுந்தரபாண்டியபுரம் பக்கக் காற்றாலைகளுக்கு வேலையையும் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலை நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். பழைய மாடல் காற்றாலையில் இருக்கும் இண்டக்ஷன் ஜெனரேட்டர் ஃபால்ட் நேரத்தில் அஞ்சாறு மடங்கு கரண்டைக் கக்கும். ஆனால் சில சைக்கிளிலேயே அடங்கிவிடும். பக்கத்து லைனில் ஃபால்ட் ஆகி வோல்டேஜ் விழுந்தால் பழைய காற்றாலைகள் மொத்தமாகக் கழன்றுகொள்ளும் பிரச்சினையும் உண்டு. லிமிட்டர் அந்த வோல்டேஜ் சரிவைக் குறைக்கும். இதை மறுக்க மாட்டேன், இந்தத் தொழில்நுட்பத்துக்கு நம்ம பக்கத்தில் இருக்கும் ஒரே உருப்படியான வாதம் இதுதான்.

ஆனால் அந்த வாதத்தின் ஆயுசும் குறைவு. இன்வெர்ட்டர் வழியாக வரும் புதுக் காற்றாலையும் சோலாரும் ஃபால்ட் நேரத்தில் தருவது முழு லோடு கரண்டில் ஒன்றேகால், ஒன்றரை மடங்குதான். வோல்டேஜ் விழுந்தாலும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற விதியும் அவற்றுக்கு உண்டு. பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2024ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. பழைய மெஷின்கள் போகப் போக நம்ம பக்கத்துக் கவலை "ஃபால்ட் கரண்ட் அதிகம்" என்பதிலிருந்து "ரிலேக்குத் தெரியற அளவுக்குக் கூட கரண்ட் வரலையே" என்பதாக மாறும்.

சின்ன கரண்ட் என்ன செய்யும்?

மனுஷ உடம்பைப் பாதுகாக்க வைக்கும் ஆர்சிடி 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம். வீட்டில் இருக்கும் 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஐந்நூறில் ஒரு பங்கு. எம்சிபிக்கு நீங்கள் சாவதே தெரியாது. அதன் வேலை ஒயரைக் காப்பாற்றுவது, உங்களை அல்ல.

11 கேவி கம்பி அறுந்து விழும் கதையும் இதேதான். அமெரிக்காவில் 12.5 கேவி லைனுக்குச் சொல்லப்படும் பிரபலமான அட்டவணை ஒன்று உண்டு. அறுந்த கம்பி காய்ந்த மணலில் கிடந்தால் ஃபால்ட் கரண்ட் பூஜ்யம். ஈர மணலில் 15 ஆம்பியர். ஈரப் புல்லில் 50. கம்பி கட்டிய கான்கிரீட்டில் 75. இப்போது ஒரு ஃபீடரில் 300 ஆம்பியர் சிடி, எர்த் ஃபால்ட் செட்டிங் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிலே விழிக்க 60 ஆம்பியர் வேண்டும். அப்படியானால் அந்த அட்டவணையில் கான்கிரீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கம்பி உயிரோடு கிடக்கும். சப்ஸ்டேஷனில் எல்லாம் நார்மல் என்று காட்டும். விடிகாலையில் தண்ணி பாய்ச்சப் போகிறவர் அதை மிதிப்பார்.

ரிலேக்கே தெரியாத இந்த 15 ஆம்பியர், முழு லோடைவிட இரண்டு மூன்று மடங்கு வந்தால்தான் விழிக்கும் சூப்பர்கண்டக்டருக்கு எப்படித் தெரியும்? அதுபாட்டுக்கு மைனஸ் 196 டிகிரியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

மறுபடியும் அருவிக்கே போவோம். பேரருவியில் பாதுகாப்பு வளைவு இருக்கிறது. தண்ணி அதைத் தாண்டி விழுந்தால் போலீஸ் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றும். வெள்ளத்துக்கு அது சரியான ஏற்பாடு. ஆனால் தண்ணி நூலாக வழியும் நாளில் பாசியில் வழுக்கி மண்டை உடைபவனை வளைவு காப்பாற்றாது. அதற்குப் பாசியைத் தேய்க்க ஆள் வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். "வளைவைத் தங்கத்துல பண்ணிட்டா யாரும் வழுக்கி விழ மாட்டான்" என்று ஒருத்தர் சொன்னால் என்ன சொல்வீர்கள்? அதைத்தான் நான் இந்த லிமிட்டர் பக்தர்களிடம் சொல்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019 முதல் 2021 வரை ஒவ்வொரு வருஷமும் நாட்டில் 12,000க்கு மேற்பட்டவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போனார்கள். அங்கே தேவைப்பட்டது தேர் தெருவுக்குள் வரும்போது லைனை அணைத்து வைக்கும் ஒரு கை. உலகத்தில் எந்த லிமிட்டரும் அந்தக் கைக்கு மாற்று இல்லை.

நூறு வருஷப் பழைய சுருள்

லிமிட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சின்ன ஃபால்ட்டை அடக்கும் லிமிட்டர் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. நைட்ரஜன் வேண்டாம், நோபல் பரிசும் வேண்டாம். முதல் உலகப்போர் காலத்தில் வால்டெமார் பீட்டர்சன் என்ற ஜெர்மன் எஞ்சினியர் கண்டுபிடித்த சுருள் அது. டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலை நேரே எர்த் செய்யாமல், லைனின் கெப்பாசிட்டன்ஸுக்கு ஏற்ப டியூன் செய்த சுருள் வழியாக எர்த் செய்வார்கள். ஒரு கம்பி தரையில் பட்டால் சுருளின் கரண்டும் கெப்பாசிட்டன்ஸ் கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ஃபால்ட் இடத்தில் மிச்சம் கொஞ்சமே ஓடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அன்றைய தீக்களில் சில மின்லைனிலிருந்து கிளம்பியவை. அதற்குப் பிறகு 2016ல் விதி கொண்டுவந்து, 45 சப்ஸ்டேஷன்களில் இந்தச் சுருளையும் அதோடு வேகமான எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டையும் வைக்கச் சொன்னார்கள். 22 கேவி லைனில் 25,400 ஓம் தடையோடு ஃபால்ட் ஆனாலும், அதாவது வெறும் அரை ஆம்பியர் ஓடினாலும், 2 செகண்டுக்குள் அந்தக் கம்பியின் வோல்டேஜை 250க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. ஆயிரம் இல்லை, பத்து இல்லை, அரை ஆம்பியர்!

இதுவும் ஓசியில் வராது. ஃபால்ட் நேரத்தில் மற்ற இரண்டு கம்பியின் வோல்டேஜ் 1.73 மடங்கு ஏறும். பலவீனமான பீங்கானும் அரெஸ்டரும் அப்போது வெடிக்கும், எல்லாவற்றையும் சோதித்து மாற்ற வேண்டும். ஆனால் நம்ம 11 கேவி டிரான்ஸ்ஃபார்மர்கள் மேல்பக்கம் டெல்டா என்பதால் இந்த முறைக்கு அடிப்படையில் ஒத்துவரும். தென்காசி மாதிரி மழையும் மரமும் உள்ள ஊரில் ஒரே ஒரு சப்ஸ்டேஷனில் சோதித்துப் பார்த்தால் என்ன? இதற்கு ஏன் நம்மில் ஒருத்தரும் கொடி பிடிப்பதில்லை? சுருள்தானே, கவர்ச்சி இல்லை. அதுதான் விஷயம்.

ப்ராஜெக்ட் கடைகள்

இந்த மோகம் எங்கேயிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கத்து எஞ்சினியரிங் காலேஜ்களில் ஈஈஈ ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பட்டியலைப் பாருங்கள். காற்றாலை கிரிட்டில் சூப்பர்கண்டக்டர் லிமிட்டரை எங்கே வைப்பது என்ற தலைப்பு வருஷா வருஷம் இருக்கும். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்தால் சிமுலிங்க் ஃபைலும் ரிப்போர்ட்டும் ரெடி. அதில் கொரியாவிலோ ஐரோப்பாவிலோ யாரோ எடுத்துக்கொண்ட லைன் நீளமும் லோடும் அப்படியே இருக்கும், மேலே ஊர் பெயர் மட்டும் மாறும். பையன் ஒரு எர்த் குழியைத் தோண்டிப் பார்த்திருக்க மாட்டான். பீஸ் கட்டையில் ஃபியூஸுக்குப் பதில் நாலு இழை கம்பியை முறுக்கி வைத்திருப்பதைத் தினமும் கடந்து போயிருப்பான்.

பையன்களைக் குறை சொல்லவில்லை. மார்க் கிடைக்கிறது, பாஸாகிறான், பிறகு என்னை மாதிரி பொட்டி தட்டப் போகிறான். கேட்க வேண்டியது அந்தத் தலைப்பை ஓகே செய்பவர்களை. சுரண்டை ரோட்டில் பத்து டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் தடையை மழைக்கு முன், மழைக்குப் பின் என்று மின்வாரிய அனுமதியோடு அளந்து வந்தால் அது ப்ராஜெக்ட் ஆகாதா? ஆகும். ஆனால் தலைப்பில் "சூப்பர்" இருக்காதே.

வரப்போகும் பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்

1. "இப்படிப் பேசித்தான் நாடு முன்னேறலை": ராக்கெட் விட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள் என்பீர்கள். ஆராய்ச்சி நடக்கட்டும், தேவையுள்ள இடத்தில் போடட்டும். தேவையில்லாத இடத்தில் அதைக் காட்டி, தேவையானதை மறக்கடிக்காதீர்கள் என்கிறேன்.

2. "விலை குறைஞ்சா?": ஓசியில் கொடுத்தாலும் 15 ஆம்பியர் அதன் கண்ணுக்குத் தெரியாது. இது விலைப் பிரச்சினை இல்லை, இயற்பியல்.

3. "சாதாரண வெப்பநிலை சூப்பர்கண்டக்டர் வந்தா?": நைட்ரஜன் செலவு மிச்சம். மேலே 2ஐ மறுபடி படிக்கவும் :-)

4. "அப்ப நாங்க என்னதான் செய்யணும்?": இதற்குத்தான் காத்திருந்தேன். 2023ல் வீடு, கடை, கோவில் என்று எல்லா இணைப்பிலும் ஆர்சிடி மாட்டச் சொல்லி மின்வாரியம் அறிவித்தது. உங்கள் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் இருக்கிறதா? பம்புசெட்டில்? குத்தாலத்தில் ரூம் விடும் சொந்தக்காரர் வீட்டு ஹீட்டர் லைனில்? சில ஆயிரம் ரூபாய் விஷயம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிவிட்டு, அந்த டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். அறுந்த கம்பியைக் கண்டால் குச்சியால் தள்ளும் வீரமெல்லாம் வேண்டாம். தள்ளி நின்று, மற்றவர்களையும் நிறுத்தி, மின்னகம் 94987 94987க்கு அடியுங்கள்.

டெஸ்ட் பட்டன் அமுக்கியவர்கள் மட்டும் பின்னூட்டத்தில் வந்து என்னைத் திட்டலாம். மற்றவர்கள் முதலில் போய் அமுக்கிட்டு வாங்க.